எழுத்தறியா மகளும் எழுத்தாளர் தாயும்

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் எனக்குத் தெரிந்த தாய் ஒருவர், வீட்டிற்கு விருந்தினர் வந்தால் பேச்சு வராத தம் மகனை உள்ளறைக்கு அழைத்துச் சென்றுவிடுவார். அவரைக் காணுந்தோறும் என் நெஞ்சில் நிழலாடுபவர், நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பெர்ல் பக் அம்மையார்.

1892-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்த அம்மையார், கிறித்தவ சமயப் பணியாளரான பெற்றோருடன் சீனாவில் வளர்ந்தார். 1917-ல் வேளாண் அறிஞர் லாசிங் பக்கை மணந்தார். 1920-ல் மகள் கரோல் பிறந்தாள். அழகிய அக்குழந்தைக்குப் பருவம் வந்தும் பேச்சு வரவில்லை. மருத்துவர் பலரை நாடி அலைந்த தாயிடம், மருத்துவர் ஒருவர், குழந்தையின் அறிவு முழுவளர்ச்சி எய்தாது என்னும் உண்மையை ஒளிக்காமல் உரைத்தார்.

ஆயினும் தாயுள்ளம் ஓயவில்லை. தாமே ஆசிரியராகி மகளுக்கு எழுத்துக் கற்பித்தார். ஒருநாள் அவள் கையைப் பற்றி எழுத வைத்தபோது, அச்சிறு கை வியர்வையில் நனைந்திருக்கக் கண்டார். பொருள் விளங்காத ஒன்றைத் தாயை மகிழ்விப்பதற்காகவே அவள் அரும்பாடுபட்டுச் செய்துகொண்டிருந்தாள். வாய் சொல்லாததைக் கை சொல்லிற்று. மகளுக்கு வேண்டுவது தம் ஆசையின் நிறைவன்று, அவளுக்கு இயன்ற மகிழ்வான வாழ்வே எனத் தெளிந்து, அம்மையார் அப்பாடத்தை நிறுத்தினார். இசை கேட்பதில் கரோலுக்குப் பெருவிருப்பம். அது அவளுடன் என்றும் இருந்தது.

1929-ல் நியூஜெர்சி மாநிலத்தின் வைன்லாந்து பயிற்சிப் பள்ளியில் மகளைச் சேர்த்தார். பிரிவு வாட்டியது, செலவும் அழுத்தியது. எழுதுகோலே துணையாயிற்று. 1931-ல் வெளிவந்த 'நல்ல நிலம்' புதினத்தில் வரும் பேசாத மூத்த மகள், கரோலின் சாயல் கொண்டவள். 1932-ல் புலிட்சர் பரிசும் 1938-ல் நோபல் பரிசும் அம்மையாரை அடைந்தன. புகழ் சூழ்ந்த நாளிலும் மகளைப் பற்றி வெளியே பேசாதிருந்தவர், 1950-ல் தனி நூலொன்றில் அனைத்தையும் மனந்திறந்து எழுதினார்.

கரோலுக்கு இருந்தது பினைல்கீட்டோனூரியா என்னும் அரிய மரபணு நோய். இதனை 1934-ல் கண்டறிந்தவர் நார்வே நாட்டு மருத்துவர் ஃபோலிங். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்நோய் தோன்றும். உணவுப் புரதத்தின் ஒரு கூறு சிதையாமல் இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். 1950-களில் உணவுக் கட்டுப்பாடும், 1960-களில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் செய்யும் சோதனையும் வந்தன. கரோலுக்கோ காலம் கடந்திருந்தது. அம்மையார் 1973-லும், கரோல் 1992-லும் மறைந்தனர்.

நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கம் நம் சமூகங்கள் பலவற்றில் உண்டு. இத்தகைய நோய்களுக்கு அது வாய்ப்பைக் கூட்டுகிறது. இதனைப் பெரியோர் எண்ணிப் பார்த்தல் நன்று. அதனினும் நன்று, பெற்றவளைப் பழிக்காதிருத்தல். பழிச்சொல் ஓயுமாயின், சிங்கவரத்துத் தாயும் தம் மகனைத் திண்ணைக்கு அழைத்து வருவார். அவன் கை சொல்வதை நாமும் கேட்கலாம்.