டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

நோயைக் கண்டு அஞ்சுவோர் பலர். அதனையே ஆசானாகக் கொள்வோர் சிலர். அச்சிலருள் ஒருவராகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் சரித்திரத்தை நம் கலாசாலை நண்பர்களுக்கு ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவ்வம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் பள்ளி செல்லுதலே அரிதாயிருந்த அக்காலத்தில், அந்நகர மகாராஜா கலாசாலையில் ஆடவரிடையே கற்றுத் தேறி, 1907-இல் சென்னை வைத்தியக் கலாசாலை புகுந்து, 1912-இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் முதற் பெண் அங்கத்தினராகி, அதன் உபதலைவர் பதவியையும் வகித்தார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் பட்ட பாடும், 1930-இல் ஔவை இல்லம் நிறுவியதும் நாடறிந்தவை.

ஆயினும் அவர் உள்ளத்தை விட்டகலாத துயரம் ஒன்றுண்டு. அவருடைய அருமைத் தங்கை இளம்பிராயத்திலேயே புற்றுநோயால் மாண்டார். தமக்கை மருத்துவராயிருந்தும் காக்க இயலவில்லை. உள்ளே கட்டி வளர்கின்றதோ தேய்கின்றதோ என அறிதற்கு, அந்நாளில் மருத்துவர் கைவிரலும் நிழல் போன்ற எக்ஸ்ரே படமுமே பெருந்துணை.

அத்துயரமே ஒரு வைத்தியசாலைக்கு வித்தாயிற்று. மாளப்போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கென்று எண்ணியோரும் இருந்தனர், அம்மையார் தளர்ந்தாரில்லை. 1952-இல் அடையாற்றில் ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக்கல் நாட்ட, 1954-இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனைப் பேணி வளர்த்தனர். 1968-இல், தம் 81-ஆம் வயதில், அம்மையார் காலமானார்.

அவர் மறைந்து மூன்றாண்டுகளில், இங்கிலாந்தில் ஹௌன்ஸ்ஃபீல்ட் என்பார் இயற்றிய சி.டி. கருவி ஒரு நோயாளியின் மூளைக் கட்டியைப் படமாய்க் காட்டிற்று. இன்று சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படமெடுத்து, கட்டிகளின் குறுக்களவை அளந்து கூட்டுகின்றனர். அத்தொகை நூற்றுக்கு 30 பங்கேனும் குறைந்தால் மருந்து பலித்ததென்றும், மிகக் குறைந்திருந்த அளவினின்று 20 பங்கேனும் ஏறினால் நோய் முற்றுகின்றதென்றும் பொதுவாகக் கொள்வர். பெட் என்னும் படமோ, கட்டி சர்க்கரையைக் கவரும் வேகத்தைக் காட்டுவதால், அளவு குறையுமுன்னரே அதன் வலிமை குன்றுதலைப் பலகால் உணர்த்திவிடும். பயன் தாராத மருந்தை நிறுத்தி வேறொன்றை நாட இவை வழிகாட்டுகின்றன.

நீலகிரியில் கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரை போன்ற ஊர்களிலிருந்து மலையிறங்கிச் செல்லும் நோயாளிக்கு, முதற் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் இடைப்பட்ட வாரங்கள் எத்துணை நீண்டவை! கருவி எவ்வளவு நுண்ணியதாயினும், அதனை அணுக வழியற்ற ஏழைக்கு அஃது இல்லாததே. அவ்வழியைத் திறத்தற்கே அம்மையார் உழைத்தார். வைத்தியம் பயிலப் புகும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.