சரளைக் குழியில் சரித்திரம் கண்டவர்

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி. சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், பட்டாளத்தார் அணிவகுக்கும் மைதானத்தில், சரளை வெட்டிய குழி ஒன்று இருந்தது. குழியிலிருந்து வாரிக் கொட்டிய கற்களுக்கு நடுவே ஒரு கல்லைக் கண்டார் ஓர் ஆங்கிலேய இளைஞர். குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கைக்கு அடக்கமான கல். அதில் சில்லு சில்லாகப் பெயர்த்த அடையாளம் இருந்தது. விளிம்பு கூராக இருந்தது. ஆற்றில் உருண்டு வரும் கல் வழவழவென்று ஆகுமே தவிர, இப்படி ஒழுங்காகச் செதுக்கியது போல் ஆகாது. இது மனிதன் கை பட்ட கல் என்று அவர் முடிவு செய்தார்.

பழைய கற்கால மனிதன் இந்தியாவில் வாழ்ந்தான் என்பதற்கு அந்தக் கல் சாட்சி ஆயிற்று. அதைக் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் பூட். இந்தியாவில் கற்கால ஆராய்ச்சியின் தந்தை என்று இன்று போற்றப்படுபவர் அவரே.

தமிழ் அறிஞரின் மருமகன்

பூட் 1834-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 24-வது வயதில், 1858-ம் ஆண்டு இறுதியில், இந்திய நிலவியல் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். சென்னை மாகாணத்தில் அவருக்கு வேலை. எந்த ஊரில் என்ன பாறை, எந்த மலையில் என்ன தாது என்று பார்த்துப் படம் வரைய வேண்டும்.

அவர் மணந்த எலிசபெத்தின் தந்தை பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். மாமனார் ஊர் மக்களின் வாய்மொழியைத் திரட்டினார். மருமகன் அவர்கள் காலடியில் கிடந்த கற்களைத் திரட்டினார்!

பிரான்சில் கிடைத்த செய்தி

பல்லாவரத்துக் கல் எத்தனையோ பேர் கண்ணில் பட்டிருக்கலாம். பூட்டுக்கு மட்டும் அதன் அருமை தெரிந்தது எப்படி?

பிரான்சு நாட்டில் சோம் நதிக்கரையில் இதே போன்ற கற்கருவிகள், அழிந்து போன மிருகங்களின் எலும்புகளோடு கிடைத்திருந்தன. நெடுங்காலம் அதை யாரும் நம்பவில்லை. 1859-ம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து, அவை மிகப் பழங்கால மனிதன் செய்தவையே என்று ஒப்புக்கொண்டார்கள். பூட் அந்தச் செய்தியை அறிந்திருந்தார். பிரான்சில் வாழ்ந்த ஆதி மனிதன் இங்கேயும் ஏன் வாழ்ந்திருக்கக் கூடாது என்று தேடினார்.

ஒரு கல்லோடு அவர் நின்றுவிடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில், தம் இலாகா நண்பர் வில்லியம் கிங்குடன் கொசத்தலை ஆற்றுப் பக்கம் போனார். அத்திரம்பாக்கம் என்ற கிராமத்துக்கு அருகே, மழைநீர் அரித்த ஓடையில் கற்கருவிகள் நிறையக் கிடந்தன. கைக்கோடாரிகள், வெட்டும் கருவிகள், செதுக்கும்போது தெறித்த சில்லுகள் எல்லாம் இருந்தன. ஒரே அமைப்பில் இத்தனை கற்கள் இருப்பது தற்செயல் ஆகுமா? பல்லாவரத்தில் எழுந்த கேள்விக்கு அத்திரம்பாக்கம் பதில் சொல்லியது.

சென்னை, வட ஆர்க்காடு ஜில்லாக்களில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றி 1866-ம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை அறிஞர் உலகத்தின் கவனத்தைக் கவர்ந்தது.

33 ஆண்டு நடை

பூட் 33 ஆண்டுகள் இலாகாவில் உழைத்தார். மைசூர், தார்வார்ப் பக்கங்களில் உள்ள மிகப் பழைய பாறைகளைத் தனி வகையாகப் பிரித்து, தார்வார்ப் பாறைகள் என்று பெயர் வைத்தவர் அவரே. கர்நூல் குகைகளை அவரும் அவர் மகனும் தோண்டினார்கள்.

பல்லாரிச் சீமையில் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் உண்டு. அவை எப்படி வந்தன என்று பலர் பலவிதமாகச் சொன்னார்கள். அது மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல், ஆதி காலத்தில் மாடு வளர்த்தவர்கள் விட்டுச் சென்றது என்றார் பூட். அவர் மறைந்து பல ஆண்டு கழித்து, உட்நூர் என்ற இடத்தில் அத்தகைய மேட்டைத் தோண்டியபோது மாட்டுக் குளம்புகளின் தடம் தெரிந்தது. பூட் நினைத்தது சரியாயிற்று.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. பரோடா சமஸ்தானத்துக்காகக் குஜராத்தில் சுற்றினார். அங்கேயும் கற்கருவிகளைக் கண்டார். பிறகு மைசூர் சமஸ்தானத்தில் பணி செய்தார். ஏற்காட்டில் வீடு அமைத்துக்கொண்டார். சேர்வராயன் மலை மக்கள் வழவழப்பான பழைய கற்கோடாரிகளைச் சிறு கோவில்களில் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். செய்தவன் யார் என்று தெரியாவிட்டாலும், அது சாதாரணக் கல் அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஊர் பெயரோடு ஒவ்வொரு கல்லும்

கல் பொறுக்குகிறவர்கள் பலர் உண்டு. பூட் செய்த பெரிய காரியம் வேறு. எந்தக் கல் எந்த ஊரில் எந்த மண்ணில் கிடைத்தது என்று குறித்து வைத்தார். இடம் தெரியாத கல் வெறும் வேடிக்கைப் பொருள். இடம் தெரிந்த கல் சரித்திரம். இப்படி நானூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து அவர் சேர்த்தவற்றை 1904-ம் ஆண்டில் சென்னை அரசாங்க மியூசியம் விலைக்கு வாங்கியது. அந்தச் செல்வம் சென்னையிலேயே தங்கிவிட்டது.

வயது எழுபதைத் தாண்டிய பிறகும் அவற்றுக்குப் பட்டியல் எழுதுவதிலேயே பூட் முனைந்திருந்தார். 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். வயது 78. அவர் எழுதிய பட்டியல் நூல்கள் 1914-லும் 1916-லும் வெளிவந்தன. அச்சில் பார்க்க அவர் இல்லை. அவர் நினைவுச் சின்னம் ஏற்காடு தேவாலயத்தில் இருக்கிறது.

15 லட்சம் ஆண்டு!

கற்கருவிகளின் வயதை ஆண்டுக் கணக்கில் சொல்ல பூட் காலத்தில் வழி இல்லை. 1999-ம் ஆண்டு முதல் அத்திரம்பாக்கத்தில் மறுபடி தோண்டினார்கள். அங்கே அடி மண்ணில் கிடைத்த கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011-ம் ஆண்டில் அறிவித்தார்கள். பூட் குறித்து வைத்த இடம் அப்படியே இருந்ததால்தான் அது முடிந்தது. பல்லாவரமோ இன்று வீடுகள் நிறைந்த நகரம்.

அத்திரம்பாக்கத்துக்குப் பக்கத்தில், பூண்டி ஏரிக்கரையில், தமிழ்நாடு தொல்லியல் துறை 1985-ம் ஆண்டில் ஒரு மியூசியம் அமைத்தது. சுற்று வட்டாரத்தில் கிடைத்த கற்கருவிகள் அங்கே இருக்கின்றன. குடியம் குகையும் அந்தப் பக்கத்து மலையில்தான் இருக்கிறது. கருவியைப் பார்த்துவிட்டு, அதைச் செய்தவர்கள் நடமாடிய மண்ணையும் பார்க்கலாம். குழந்தைகளை அழைத்துப் போக ஏற்ற இடம்.

பழைய சின்னங்கள் பூண்டிப் பக்கத்தில் மட்டும் இல்லை. பிற்காலத்துப் பெருங்கற்கால மக்கள், மனித உருவம் போல் செதுக்கி நிறுத்திய பெரிய பலகைக்கல் திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரில் நிற்கிறது. கீழ்பென்னாத்தூர் வயலில் ஆனாலும் சரி, வேறு எந்த ஊர்க் கொல்லையில் ஆனாலும் சரி, செதுக்கிய கல் ஒன்று தென்பட்டால் அதைக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்துக் கட்டிவிடக் கூடாது. கிடந்த இடத்தை அடையாளம் செய்து, தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பூட் வாழ்நாள் முழுதும் செய்தது அவ்வளவே. அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. குனிந்து பார்க்கும் கண் இருந்தால் போதும்.