காருக்குப் பின்னால் ராக்கெட் கட்டி ஓட்டிய பணக்கார வாரிசு: யார் இந்த ஃபிரிட்ஸ் வான் ஓப்பல்?

1928 மே 23. பெர்லினில் உள்ள ஆவுஸ் பந்தயப் பாதையின் ஓரத்தில் சுமார் 3,000 பேர் காத்திருந்தார்கள். பாதையில் நின்ற நீளமான கறுப்புக் காரின் பின்புறத்தில் 24 குழாய்கள் துருத்திக்கொண்டிருந்தன. அத்தனையும் வெடிமருந்து அடைத்த ராக்கெட்டுகள். ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் கூலிக்கு வந்த சாகசக்காரர் அல்ல. அந்தக் காரைத் தயாரித்த ஓப்பல் நிறுவனத்தின் வாரிசு, 29 வயது ஃபிரிட்ஸ் வான் ஓப்பல்.

பெடலை மிதிக்க மிதிக்க ராக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றின. பின்னால் புகை மண்டலம். வேகம் மணிக்கு 238 கி.மீ.யைத் தொட்டது. கார் மேலே எழும்பிவிடாமல் இருக்க இரு பக்கமும் தலைகீழான இறக்கைகளைப் பொருத்தியிருந்தார்கள். அப்படியும் முன்பக்கம் தூக்கப் பார்த்தது. ஸ்டீயரிங் கொஞ்சம் பிசகியிருந்தால் கதை கந்தல். சமாளித்து நிறுத்தினார் ஃபிரிட்ஸ். ‘ராக்கெட் ஃபிரிட்ஸ்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

தையல் மெஷினில் தொடங்கிய குடும்பம்

நம்ம ஊர் சாலைகளில் ஒரு காலத்தில் ஓடிய ஓப்பல் ஆஸ்ட்ரா, கோர்சா கார்களைப் பலருக்கு நினைவிருக்கும். அந்த நிறுவனத்தின் ஆரம்பம் காரே அல்ல. ஃபிரிட்ஸின் தாத்தா ஆடம் ஓப்பல், 1862இல் ஜெர்மனியின் ரூசல்ஸ்ஹைம் ஊரில் தையல் மெஷின் செய்யத் தொடங்கினார். பிறகு சைக்கிள். 1899இல்தான் கார். அதே ஆண்டு மே 4ஆம் தேதி பிறந்தவர் ஃபிரிட்ஸ்.

முதல் உலகப் போரின்போது ஓப்பல் விமான எஞ்சினும் தயாரித்தது. ஆனால் அது அர்கஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. ஓப்பல் உரிமம் வாங்கிச் செய்துகொடுத்தது, அவ்வளவுதான். போரில் தோற்ற ஜெர்மனிக்கு விமானத் தொழிலில் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. ஓப்பல் காரில் கவனம் செலுத்தி, 1920களின் கடைசியில் ஜெர்மனியின் மிகப்பெரிய கார் நிறுவனமாகிவிட்டது.

டார்ம்ஸ்டாட்டில் பொறியியல் படித்த ஃபிரிட்ஸுக்கு வேகம் என்றால் உயிர். 1921இல் ஆவுஸ் பாதை திறக்கப்பட்டபோது நடந்த பந்தயத்தில் வென்றவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பும் அவரிடம் வந்தது. வேகப் பைத்தியமும் விளம்பரப் புத்தியும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்று பேர், மூன்று கணக்கு

இந்த நேரத்தில்தான் மாக்ஸ் வாலியர் வருகிறார். ஆஸ்திரியக்காரர், வானியல் எழுத்தாளர், பேச்சாளர். ராக்கெட்டில் விண்வெளிக்குப் போகலாம் என்று ஹெர்மன் ஓபர்த் 1923இல் எழுதிய புத்தகம் அவரைப் பிடித்து ஆட்டியது. முதலில் தரையில் கார், அப்புறம் விமானம், கடைசியில் விண்கலம் என்று படிப்படியாகப் போகலாம் என்பது வாலியரின் திட்டம். கையில்தான் காசில்லை. ஊர் ஊராகப் பேசித் திரிந்தவர் 1927 வாக்கில் ஃபிரிட்ஸிடம் வந்து சேர்ந்தார்.

ஃபிரிட்ஸுக்கு யோசனை பிடித்துப்போய்விட்டது. பணம் அவருடையது, யோசனை வாலியருடையது. ராக்கெட்டுக்கு ஃபிரிட்ரிஷ் சாண்டர் கிடைத்தார். கடலில் தத்தளிக்கும் கப்பல்களை நோக்கிக் கயிறு வீசும் மீட்பு ராக்கெட்டுகளைச் செய்துவந்த தொழிலதிபர் அவர்.

காரை ஓட்ட ராக்கெட் எதற்கு என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விமான எஞ்சினுக்கு எரிபொருளை எரிக்கவும் காற்று வேண்டும், புரொப்பெல்லர் தள்ளவும் காற்று வேண்டும். மேலே போகப் போகக் காற்று குறையும். ராக்கெட்டோ எரிவதற்குத் தேவையான ஆக்சிஜனைத் தன் மருந்திலேயே சுமந்து செல்கிறது. காற்றே இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அதன் முழு அருமை தெரிவது வானத்தில்தான். கார் என்பது ஊரைக் கூட்ட அடித்த தண்டோரா.

வெடிமருந்து ராக்கெட்டில் ஒரு பெரிய சிக்கலும் உண்டு. தீபாவளி ராக்கெட்டைப் பற்றவைத்த பிறகு நிறுத்த முடியுமா? கூட்டிக் குறைக்கத்தான் முடியுமா? அதே கதைதான். வேகத்தை ஏற்ற ஒரே வழி, இன்னொரு ராக்கெட்டைப் பற்றவைப்பது. 1928 ஏப்ரலில் ரூசல்ஸ்ஹைமில் முதல் காரைக் காட்டியபோது 12 ராக்கெட்டுகளில் சில பற்றவே இல்லை. அப்படியும் 8 விநாடியில் மணிக்கு 100 கி.மீ. வேகம் வந்தது.

1928 ஜூன் 11 அன்று வாஸர்குப்பே மலையில் ‘என்டே’, அதாவது வாத்து என்ற கிளைடரில் இரண்டு ராக்கெட்டுகளைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். ஓட்டியவர் ஃபிரிட்ஸ் ஸ்டாமர். மனிதர் ஒருவர் ராக்கெட் விசையில் விமானத்தில் பறந்தது அதுவே முதல் முறை. அடுத்த முயற்சியில் ராக்கெட் வெடித்து விமானம் தீப்பிடித்தது. ஸ்டாமர் தரையிறக்கிவிட்டு உயிர் தப்பினார். அதை வடிவமைத்த அலெக்சாண்டர் லிப்பிஷ்தான் பின்னாளில் இரண்டாம் உலகப் போரின் மெ-163 ராக்கெட் விமானத்தின் மூல வடிவமைப்பைத் தந்தவர்.

1929 செப்டம்பர் 30. இம்முறை ஃபிரிட்ஸே ஏறினார். ராக்கெட்டுக்கென்றே யூலியஸ் ஹாட்ரி வடிவமைத்த விமானம், 16 ராக்கெட்டுகள். பிராங்பேர்ட் அருகே ரெப்ஸ்டாக் மைதானத்தில் முதல் முயற்சிகள் சொதப்பின. பிறகு கிளம்பியது. ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான பறத்தல். தடாலென்று தரையிறங்கியதில் விமானம் சேதமானது. ஃபிரிட்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதுதான் அவருடைய கடைசி ராக்கெட் சாகசம். அந்த ஆண்டு மார்ச்சிலேயே ஓப்பலின் 80 சதவீதப் பங்குகளை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியிருந்தது. அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. ராக்கெட்டுக்குப் பணம் கொட்ட இனி யார் வருவார்?

விலை கொடுத்தது யார்?

வாலியர் ஏற்கெனவே ஓப்பலை விட்டு விலகியிருந்தார். வெடிமருந்தில் எதிர்காலம் இல்லை, திரவ எரிபொருள்தான் வழி என்று புரிந்துகொண்டு அதில் இறங்கினார். சரியான பாதை. ஆனால் 1930 மே 17 அன்று பெர்லினில் சோதனை எஞ்சின் வெடித்து, உலோகச் சில்லு மார்பில் பாய்ந்தது. 35 வயதில் இறந்துபோனார். நிலவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர்.

சாண்டரின் முடிவு இன்னும் மோசம். ராக்கெட் ராணுவ ரகசியமாகிவிட்ட நாஜி ஆட்சியில், 1935இல் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். தொழில் கைவிட்டுப் போனது. 1938இல் காலமானார்.

ஃபிரிட்ஸ் ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்தார். அவர் நழுவிவிட்டார் என்று சொல்லலாம். ஆனால் தன் உயிரையும் பணயம் வைத்தவர் என்பதை மறைக்க முடியாது. போர்க்காலத்தில் அமெரிக்காவில் இருந்த அவரை 1942இல் எதிரி நாட்டவர் என்று காவலில் வைத்தார்கள். குடும்பப் பணத்தில் வாங்கிய அமெரிக்கச் சொத்துகள் முடக்கப்பட்டன. அதற்கான வழக்கு 1950களில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

மனிதன் நிலவில் கால் வைத்தபோது ஃபிரிட்ஸ் உயிரோடுதான் இருந்தார். 1971 ஏப்ரல் 8 அன்று சுவிட்சர்லாந்தின் சமேடன் ஊரில், 71 வயதில் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய மகன் ரிக்கி ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார்.