படச்சுருள்களைக் காத்த ஹென்றி லாங்லுவா

பழைய உலகத் திரைப்படங்களைச் சேகரிக்கும் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. கூடினால் அவர்களுக்கு ஒரே பேச்சுதான்: அடுத்து எந்தப் படம் வட்டாக வெளிவரும்? அபெல் கான்ஸ் 1927இல் எடுத்த 'நெப்போலியன்' என்ற மௌனப்படத்தைப் பிரான்சின் திரைப்படக் காப்பகம் பல ஆண்டுகள் உழைத்துப் புதுப்பித்து 2024இல் திரையிட்டது. உடனே இவர்கள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். எந்த நிறுவனம் வெளியிடும்? ஏழு மணி நேரப் படம் எத்தனை வட்டுகளில் அடங்கும்?

எனக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. வட்டில் பதிய வேண்டுமானால் முதலில் படச்சுருள் எங்கேயாவது பிழைத்திருக்க வேண்டுமே! இத்தனை ஆண்டுகளாக அவற்றை யார் காத்து வைத்தார்கள்? தேடிப் படித்தபோது அடிக்கடி எதிர்ப்பட்ட பெயர் ஹென்றி லாங்லுவா. அந்தக் காப்பகத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அவர்.

தீயில் தொடங்கிய வாழ்க்கை

லாங்லுவா 1914 நவம்பர் 13ஆம் நாள், அன்றைய உதுமானியப் பேரரசின் துறைமுக நகரான ஸ்மிர்னாவில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்தார். இன்று துருக்கியில் இஸ்மிர் எனப்படும் நகரம் அது. 1922இல் போரின் முடிவில் அந்நகரின் பெரும்பகுதி தீக்கிரையானது. குடும்பம் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது. ஏழு வயதுச் சிறுவன் பிறந்த ஊரை இழந்து அகதியானான். பிற்காலத்தில் எதையும் தூக்கியெறிய மனமில்லாத மனிதராக அவர் ஆனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படிப்பில் அவர் கெட்டிக்காரர் அல்லர். பள்ளி இறுதித் தேர்வில் தோற்றார். அச்சகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பழக்கமான ஜார்ஜ் ஃபிரான்ஜுவும் அவரைப் போலவே சினிமாப் பைத்தியம். பின்னாளில் அவர் புகழ்பெற்ற இயக்குநரானார்.

அப்போது பேசும்படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மௌனப்படங்களை இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று முதலாளிகள் நினைத்தார்கள். படச்சுருளில் இருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பிரதிகளை மூட்டை மூட்டையாக விற்றார்கள். நம் வீட்டில் பழைய பித்தளைப் பாத்திரத்தை எடைக்குப் போடுவது போலத்தான். முப்பது ஆண்டுக் கலை இப்படிக் கரைந்துகொண்டிருந்தது.

இருபது வயதைத் தாண்டிய இந்த இரு இளைஞர்களும் 1935இல் ஒரு திரைப்பட மன்றம் தொடங்கி மௌனப்படங்களைத் திரையிட்டார்கள். மறு ஆண்டு, 1936இல், 'சினெமாதெக் பிரான்சேஸ்' என்ற காப்பகம் பிறந்தது. கட்டடம் இல்லை, ஊழியர் இல்லை. லாங்லுவா தம் பெற்றோர் வீட்டுக் குளியல் தொட்டியில் படச்சுருள்களை அடுக்கி வைத்திருந்தார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது.

காப்பகத்தின் தொடக்கத்தில் என்னைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. 1902இல் நிலவுப் பயணத்தைப் படமாக்கி உலகை வியக்க வைத்த ஜார்ஜ் மெலியே, பிற்காலத்தில் நொடித்துப்போய் பாரிஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடை வைத்திருந்தார். விரக்தியில் தம் படங்களின் மூலச் சுருள்களைத் தாமே எரித்தவர் அவர். முதுமையில் ஓர்லி என்ற ஊரில் முதியோர் விடுதியில் தங்கியிருந்தார். லாங்லுவாவும் ஃபிரான்ஜுவும் அதன் அருகே ஒரு பழைய கட்டடத்தைப் பெற்றுச் சுருள்களை வைத்து, சாவியை அந்த முதியவரிடம் கொடுத்தார்கள். தம் படங்களை எரித்த கைகளே மற்றவர்களின் படங்களுக்குக் காவலாயின.

போர்க்காலம்

1940இல் ஜெர்மானியப் படை பாரிசைப் பிடித்தது. தடை செய்யப்பட்ட படங்களும் பறிமுதலுக்கு உள்ளாகக்கூடிய படங்களும் காப்பகத்தில் இருந்தன. லாங்லுவாவும் நண்பர்களும் அவற்றைப் பல இடங்களில் ஒளித்து வைத்தார்கள். லோட்டே ஐஸ்னர் என்ற யூதப் பெண்மணி, நாஜிகளிடமிருந்து தப்பி ஜெர்மனியை விட்டு வந்த திரை விமர்சகர். மாற்றுப் பெயரில் தலைமறைவாக வாழ்ந்த நிலையிலும், தென்மேற்குப் பிரான்சில் ஒரு பழைய கோட்டையில் ஒளிக்கப்பட்ட சுருள்களை அவர் சரிபார்த்து வந்தார். உயிருக்கே உத்தரவாதமில்லாத நாள்களில் ஒருவர் படப்பெட்டிகளைக் காத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

காப்பதா? காட்டுவதா?

போருக்குப் பின், 1948இல் மெசீன் சாலையில் சுமார் அறுபது இருக்கைகள் கொண்ட சிறு அரங்கம் திறக்கப்பட்டது. அமெரிக்க நகைச்சுவை, சோவியத் மௌனப்படம், ஜப்பானியப் படம் எனத் தேசமும் காலமும் பாராமல் திரையிட்டார் லாங்லுவா. முன்வரிசையில் வந்து உட்கார்ந்த இளைஞர்களில் ஃபிரான்சுவா த்ருஃபோ, ஜான்-லுக் கொதார், ழாக் ரிவெத் ஆகியோர் இருந்தனர். திரைப்படக் கல்லூரிப் பட்டம் பெறாத இவர்கள்தாம் பின்னர் 'புதிய அலை' என்ற இயக்கத்தால் உலக சினிமாவின் போக்கையே மாற்றினார்கள். அவர்களுக்குக் கல்லூரி, அந்த இருட்டறைதான்.

இங்கேதான் லாங்லுவாவின் வாழ்க்கையில் பெரிய விவாதம் வருகிறது. லண்டன் காப்பகத்தின் தலைவர் எர்னஸ்ட் லிண்ட்கிரன் வேறு கொள்கை உடையவர். மாற்றுப் பிரதி எடுக்காமல் மூலப் பிரதியை ஓட்டக்கூடாது, ஒவ்வொரு முறை ஓடும்போதும் சுருள் தேய்கிறது என்பது அவர் கட்சி. லாங்லுவாவோ, யாரும் பார்க்காத படம் செத்த படம் என்ற நினைப்புடையவர். சுருளுக்கும் காற்றும் வெளிச்சமும் பார்ப்பவர் கண்களும் வேண்டும் என்று நம்பினார்.

லாங்லுவாவை முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போக என்னால் இயலவில்லை. அவருடைய பட்டியல்கள் ஒழுங்காக இல்லை. பல விவரங்கள் அவர் நினைவில்தான் இருந்தன. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனவை. 1959இல் காப்பகத்தில் தீப்பிடித்துப் பல படங்கள் அழிந்தன. எரிக் வான் ஸ்ட்ரோஹைம் எடுத்த 'தி ஹனிமூன்' படத்தின் கடைசிப் பிரதியும் அதில் போனதாகக் கூறப்படுகிறது. அந்தப் படத்தை இனி எந்தச் சேகரிப்பாளரும் எதிர்பார்க்க முடியாது. லிண்ட்கிரனின் எச்சரிக்கையில் நியாயம் இருந்தது.

தெருவுக்கு வந்த போராட்டம்

நிதி கொடுத்துவந்த அரசு, நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி 1968 பிப்ரவரியில் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அப்போது பண்பாட்டு அமைச்சர் எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ. அடுத்த நாள்களில் பாரிஸ் தெருக்களில் இயக்குநர்களும் மாணவர்களும் திரண்டார்கள். காவல்துறையின் தடியடியில் கொதார் உட்படப் பலர் காயமுற்றனர். சாப்ளின், ஆர்சன் வெல்ஸ், குரோசவா போன்ற மேதைகள் லாங்லுவாவின் பக்கம் நின்றார்கள். லாங்லுவா இல்லாத காப்பகத்தில் தங்கள் படங்களைத் திரையிடக்கூடாது என்று பல இயக்குநர்கள் அறிவித்தார்கள். ஏப்ரல் 22இல் அவர் மீண்டும் பொறுப்பேற்றார். அடுத்த மாதமே பிரான்சை உலுக்கிய மாணவர் எழுச்சி வெடித்தது. ஒரு காப்பகக்காரருக்காக மக்கள் அடிவாங்கியது வரலாற்றில் வேறெங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை.

ஆனால் வெற்றியின் விலை பெரியது. அரசு நிதியைக் குறைத்தது, வறுமை தொடர்ந்தது. அப்படியும் 1972இல் திரைப்பட அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். 'சைக்கோ' படத்தில் வரும் தாயின் தலையை ஹிட்ச்காக் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். 1974இல் சிறப்பு ஆஸ்கார் விருது கிடைத்தது. 1977 ஜனவரி 13ஆம் நாள், 62 வயதில் லாங்லுவா காலமானார். பாரிஸ் மோன்பர்னாஸ் மயானத்தில் உள்ள அவர் கல்லறையின் மேல் திரைப்படக் காட்சிகள் பதிக்கப்பட்டுள்ளன.

நமக்கு என்ன?

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. இன்று அதன் ஒரு பிரதிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அதற்கு முன் வந்த நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' மௌனப்படமும் அப்படியே. அவற்றை எந்த நிறுவனம் வட்டாக வெளியிடும் என்று ஊகிக்கக்கூட நமக்கு வழியில்லை. நம்மிடையே அன்று ஒரு லாங்லுவா இல்லை. ஒரு லிண்ட்கிரனும் இல்லை.

இருவரில் யார் சரி என்று கேட்டால், இருவரும் வேண்டும் என்பேன். லிண்ட்கிரன் இல்லாவிட்டால் சுருள் எரியும். லாங்லுவா இல்லாவிட்டால் சுருள் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் மனம் லாங்லுவாவின் பக்கமே சாய்கிறது. பார்த்து நெகிழ்ந்தவன்தானே ஒன்றைக் காக்கப் போராடுவான்? 1968இல் அடிவாங்கியவர்கள் அத்தனை பேரும் அந்த இருட்டறையில் படம் பார்த்தவர்கள்.

மொழிக் கழகங்களில் பொறுப்பு வகிக்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு. பழைய ஆண்டு மலர்கள், நாடகப் பதிவுகள், விழா நிழற்படங்கள் ஆகியவை பூட்டிய அலமாரிகளில் தூங்குகின்றன. அவற்றைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துவோம். பிறகு, ஆண்டுக்கு ஒருமுறையாவது அலமாரியைத் திறந்து, புதிதாக வந்த முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டுவோம்.