இரும்பு மண்ணுக்கு விஷமா? கிர்லோஸ்கர் கலப்பையின் கதை

உங்கள் கிணற்று மேட்டில் ஓடும் மோட்டாரிலோ, மாட்டுக் கொட்டகையின் மூலையில் கிடக்கும் பழைய ஆயில் இன்ஜினிலோ 'கிர்லோஸ்கர்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு குடும்பத்தின் பெயர். அந்தப் பெயரை விவசாயிகளிடம் முதலில் கொண்டுசேர்த்தது பம்புசெட் அல்ல, ஓர் இரும்புக் கலப்பை. அதுவும் எளிதில் விற்றுப்போன கலப்பை அல்ல. முதல் கலப்பை விற்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலம் பொறுத்திருந்தவர் லட்சுமண்ராவ் கிர்லோஸ்கர்.

ஓவியராக விரும்பியவர்

இன்றைய கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்தில் உள்ள குர்லஹொசூரில் 1869 ஜூன் 20 அன்று லட்சுமண்ராவ் பிறந்தார். தந்தை காசிநாத்பந்த் வேதாந்தம் கற்ற பண்டிதர். மகனுக்கோ படம் வரைவதிலும் இயந்திரங்களிலும்தான் நாட்டம். 1885இல் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர விரும்பினார். தந்தை சம்மதிக்கவில்லை. பணம் கொடுத்து அனுப்பியவர் அண்ணன் ராமுஅண்ணா.

அங்கே போன பிறகுதான் சில நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறை தன் கண்ணுக்கு இருப்பது தெரியவந்தது. ஓவியக் கனவு முடிந்தது. ஆனால் அவர் ஊர் திரும்பவில்லை. நிறமே தேவைப்படாத இயந்திர வரைபடத்தைக் கற்றார். பம்பாயின் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனத்தில் அதையே கற்பிக்கும் ஆசிரியரும் ஆனார்.

அப்போது சைக்கிள் புதுப் பொருள். தம்பி பம்பாயில் சைக்கிள் வாங்கி அனுப்புவார், அண்ணன் பெல்காமில் விற்பார். 1888இல் தொடங்கிய இந்தச் சிறு வியாபாரம்தான் 'கிர்லோஸ்கர் பிரதர்ஸ்' ஆனது. தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ இந்தியருக்குப் போனதும் லட்சுமண்ராவ் வேலையை உதறிவிட்டு அண்ணனிடமே வந்து சேர்ந்தார். கடையோடு ஒரு பட்டறையும் எழுந்தது. விவசாயிக்காக அவர்கள் முதலில் செய்த கருவி தட்டை நறுக்கும் கருவி. அடுத்து வந்தது கலப்பை.

கலப்பை செய்த வேலை

தக்காணத்தின் கரிசல் மண்ணை நினைத்துப் பாருங்கள். காய்ந்தால் பாறைபோல் இறுகும், நனைந்தால் காலைப் பிடித்து இழுக்கும். அதை ஆழமாக உழக் கனத்த மரக்கலப்பையில் பல ஜோடி மாடுகளைப் பூட்டினார்கள். நாட்டுக் கலப்பை மண்ணை ஆங்கில 'வி' எழுத்தைப்போல் கீறிக்கொண்டு போகும். இரண்டு சாலுக்கு நடுவே உழாத மண் கரையாக நின்றுவிடும். அதனால்தான் குறுக்கே ஓட்டுகிறோம், மறு உழவு போடுகிறோம்.

வளைந்த பலகை வைத்த இரும்புக் கலப்பையின் வேலை வேறு. அது மண்ணை வெட்டி, தூக்கி, புரட்டிப் போடுகிறது. தட்டைக் கட்டைகள் மண்ணுக்குள் போகின்றன. அருகம்புல்லின் வேர்த்தண்டு மேலே வந்து வெயிலில் காய்கிறது. கரிசல் காட்டில் அருகோடு போராடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் 1903 வாக்கில் லட்சுமண்ராவின் கலப்பை வந்தபோது, இரும்பு மண்ணுக்கு விஷம் என்று விவசாயிகள் ஒதுக்கினார்கள். இதைப் படித்ததும் சிரித்துவிடாதீர்கள். உழவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பயத்துக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. மேல்மண் ஆழம் குறைந்த நிலத்தில் இரும்புக் கலப்பையை ஆழமாக ஓட்டினால், சத்தில்லாத அடிமண் மேலே வரும். அடியில் உப்பும் சுண்ணாம்பும் இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். ஈரம் அதிகமாக இருக்கும்போது கரிசலைப் புரட்டினால் கட்டிகள் கல்லாக இறுகும். அந்த ஆண்டு விளைச்சல் இறங்கினால் விவசாயி எதைக் குற்றம் சொல்வார்? இரும்பைத்தான். குற்றம் இரும்பில் இல்லை, ஓட்டிய ஆழத்திலும் பருவத்திலும் இருக்கிறது. ஆனால் இழப்பு விவசாயிக்குத்தான்.

விலை கூடிய ஒரு கருவியை நம்பி ஒரு போகத்தைப் பணயம் வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளியிருந்தால் லட்சுமண்ராவ் வேறு தொழிலுக்குப் போயிருப்பார். அவர் போகவில்லை. கலப்பையின் தரத்தில் கவனம் வைத்துக் காத்திருந்தார். அண்ணனும் உடன் நின்றார். விற்காத சரக்கோடு இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முதல் மட்டும் போதாது. வீடும் சேர்ந்து நிற்க வேண்டும்.

கள்ளிக்காட்டில் ஓர் ஊர்

வியாபாரம் நிமிரும் நேரத்தில் இன்னோர் அடி. புறநகர் அமைக்க இடம் வேண்டும் என்று பெல்காம் நகராட்சி பட்டறையைக் காலி செய்யச் சொன்னது. கைகொடுத்தவர் அவுந்த் சமஸ்தானத்தின் அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி. அவரும் ஓவியர். தன் சமஸ்தானத்தில் குண்டல் ரோடு ரயில் நிலையத்தை ஒட்டி 32 ஏக்கர் நிலமும், வட்டியில்லாக் கடனாக 10,000 ரூபாயும் கொடுத்தார்.

நிலம் என்றால் விளைநிலம் அல்ல. சப்பாத்திக் கள்ளியும் நல்ல பாம்பும் நிறைந்த தரிசு. 1910இல் லட்சுமண்ராவ் தன் மனைவி ராதாபாயோடும் குழந்தைகளோடும் அங்கே குடியேறினார். தொழிலாளர்களும் தங்கள் குடும்பங்களோடு உடன் வந்தார்கள். கள்ளியை வெட்டி, வீடு கட்டி, ஆலை எழுப்பினார்கள். அந்தத் தரிசுதான் இன்று மகாராஷ்டிரத்தின் சாங்கிலி மாவட்டத்தில் இருக்கும் கிர்லோஸ்கர்வாடி. ரயில் நிலையத்துக்கும் இப்போது அதே பெயர்தான்.

அவர் தன் குடும்பத்தைப் பார்த்த கண்ணாலேயே ஊரையும் பார்த்தார். தீண்டாமைக்கு அந்த ஊரில் இடமில்லை என்றார். சிறை சென்று திரும்பியவர்களை ஊர் அஞ்சி ஒதுக்கிய காலம் அது. கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றவர்களையே அவர் காவலுக்கு வைத்தார். அவர்களும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவரின் கையில் திறமை இருந்தால் அவருக்குப் பொறியாளரின் வேலையைக் கொடுத்தார்.

முதல் உலகப் போரின்போது வெளிநாட்டுக் கருவிகளின் வரத்து குறைந்தது. உள்நாட்டுக் கலப்பைக்குத் தேவை கூடியது, ஆனால் இரும்பும் நிலக்கரியும் கிடைப்பது அரிதானது. அந்த நெருக்கடியையும் கடந்து ஆலை வளர்ந்தது. கலப்பையோடு கரும்பு ஆலை, நிலக்கடலை உடைக்கும் கருவி என்று பட்டியல் நீண்டது. 1920களில் பம்பும் சேர்ந்தது.

பிள்ளைகள் கைக்கு

மூத்த மகன் சாந்தனுராவை அமெரிக்காவுக்கு அனுப்பி இயந்திரப் பொறியியல் படிக்க வைத்தார். படித்து வந்த மகன் கிர்லோஸ்கர்வாடி ஆலைக்கே திரும்பினார். உறவுப் பிள்ளையான சங்கர்ராவுக்கு எழுத்தில் ஆர்வம். அதற்கும் இடம் கொடுத்தார்கள். 1920இல் ஆலையின் செய்தி இதழாகத் தொடங்கிய 'கிர்லோஸ்கர்', மராத்தியின் முக்கியமான மாத இதழாக வளர்ந்தது. ஓவியப் பள்ளிக்குப் போகத் தந்தையின் சம்மதம் கிடைக்காத அதே மனிதர், அடுத்த தலைமுறையை அவரவர் நாட்டப்படி போக விட்டார்.

1946இல் புனேயில் ஆயில் இன்ஜின் நிறுவனமும் பெங்களூரில் மின்மோட்டார் நிறுவனமும் தொடங்கின. மாடு பூட்டிக் கவலை இறைத்த நம் ஊர்க் கிணறுகளுக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. லட்சுமண்ராவ் 1956 செப்டம்பர் 26 அன்று காலமானார். 1969இல், அவருடைய நூற்றாண்டின்போது அரசு தபால்தலை வெளியிட்டது.

நீங்கள் கேட்க வேண்டியவை

இன்று உங்கள் வயலுக்குப் புதுக் கருவிகள் வரிசையாக வருகின்றன. ரோட்டவேட்டர், நடவு இயந்திரம், மருந்து தெளிக்கும் டிரோன் என்று ஒவ்வொன்றும் கடனோடுதான் வருகிறது. உங்களுக்குத் தயக்கம் இருந்தால் வெட்கப்படாதீர்கள். உங்கள் மண்ணுக்கு எந்த ஆழம், எந்த ஈரம் ஏற்றது என்று கேளுங்கள். உங்கள் வயலிலேயே அரை ஏக்கர் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தேயும் பாகம் எது, அது எந்த ஊரில் கிடைக்கும், என்ன விலை என்று எழுதி வாங்குங்கள்.

விற்பவர் இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். எரிச்சல் பட்டால் இன்னொரு போகம் காத்திருப்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.