வேம்பின் கசப்பைப் பிரித்தவர்

வேப்பம்பழத்தின் சதை இனிக்கும். கொட்டைக்குள் இருக்கும் பருப்போ கடுங்கசப்பு! அந்தப் பருப்பை ஆட்டினால் கிடைப்பது வேப்ப எண்ணெய். செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களானாலும் சரி, கன்னியாகுமரியானாலும் சரி, சொறி, சிரங்கு என்றால் பாட்டிமார் தேடுவது இந்த எண்ணெயைத்தான்.

எண்ணெயில் உள்ள எந்தப் பொருள் இப்படி வேலை செய்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்தான் விஞ்ஞானி சலீமுஸ்ஸமான் சித்திகி.

1897, அக்டோபர் 19-ல் லக்னோவுக்கு அருகே, பாராபங்கி மாவட்டத்தில் பிறந்தார் சித்திகி. அலிகாரில் தத்துவம் படித்தார். பிறகு மருத்துவம் படிக்க லண்டன் சென்றார். ஆனால், ஒரே ஆண்டில் ஜெர்மனிக்குப் போய் வேதியியலில் சேர்ந்துவிட்டார். அவர் நல்ல ஓவியரும்கூட. 1924-ல் பிராங்க்பர்ட் நகரில் தம் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தார். 1927-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

நாடு திரும்பியவரை டில்லியில் மூலிகை ஆராய்ச்சிக்கு அழைத்தவர், புகழ்பெற்ற யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல்கான். சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேரிலிருந்து 1931-ல் ஒரு மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார் சித்திகி. அப்போது அஜ்மல்கான் உயிருடன் இல்லை. அவர் நினைவாக அதற்கு, 'அஜ்மலின்' என்று பெயர் சூட்டினார். இதயத்துடிப்புக் கோளாறுகளில் இது பயன்பட்டது.

அடுத்து, வேம்பு! வேப்ப எண்ணெயில் பெரும்பகுதி சாதாரணக் கொழுப்புதான். கசப்புப் பொருட்கள் கொஞ்சமே. அவற்றைப் பிரிப்பது எப்படி? ஈதர், நீர் கலந்த ஆல்கஹால் போன்ற திரவங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தினார். ஒவ்வொரு திரவமும் தன்னில் கரையக்கூடிய பொருளை மட்டும் இழுத்துக்கொண்டது. இப்படி 1942-ல் நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்ற மூன்று கசப்புப் பொருட்களைப் பிரித்துக் காட்டினார். வேம்பின் பக்கம் உலக விஞ்ஞானிகளின் பார்வை திரும்பியது. 1968-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் அதே விதையிலிருந்து, 'அசாடிராக்டின்' என்ற பொருளைப் பிரித்தனர். பயிரைத் தின்னும் பூச்சிகளை வளரவிடாமல் தடுக்கும் இது, இன்று பூச்சிக்கொல்லியாக விற்கப்படுகிறது.

1951-ல் பாகிஸ்தானில் குடியேறினார் சித்திகி. 1961-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 90 வயதைக் கடந்தும் ஆய்வுக்கூடத்தை விடவில்லை. 1994, ஏப்ரல் 14-ல் கராச்சியில் காலமானார்.

குழந்தைகளே, ஒரு எச்சரிக்கை! மருந்தாயிற்றே என்று வேப்ப எண்ணெயைக் குடித்துவிடாதீர்கள். சிறு குழந்தைகளின் உயிருக்கே அது ஆபத்தாகலாம். எந்தப் பொருள், எவ்வளவு, எதற்கு என்று தெரிந்தால்தான் மருந்து. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சித்திகி தம் வாழ்நாளைச் செலவிட்டார்.