செடியை எழுதவைத்த அறிஞர்

தில்லிப் பள்ளிகள் சிலவற்றில் இக்காலத்து மாணவர்கள் சிறு எந்திரக் கை ஒன்றை அமைத்துப் படம் வரையச் செய்கின்றனர். மைக்ரோகண்ட்ரோலர் கட்டளையிடும், மோட்டார்கள் கையை அசைக்கும், நுனியிலுள்ள பேனா கோடு வரையும். பேனா தாளை மிகுதியாக அழுத்தினால் கை தடைப்படும். அழுத்தாவிடில் கோடு விழாது. கணினி தோன்றுவதற்கு முன்பே, இதே சிக்கலைக் கொல்கத்தாவில் எதிர்கொண்டு வென்றவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்றைய வங்காளதேசப் பகுதியில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. ஆங்கிலப் பள்ளியே பெருமையெனக் கருதப்பட்ட அக்காலத்தில், அவர் தம் மகனை முதலில் வங்காள மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே மீனவர் மகனும் ஏவலர் மகனும் போஸின் இருபுறமும் அமர்ந்து, பறவைகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றிக் கதை கதையாய்க் கூறினர்.

கொல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற போஸ், 1885இல் கொல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் அவருக்குக் குறைந்த ஊதியமே அளிக்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்து, மூன்றாண்டுகள் ஊதியமின்றியே கற்பித்தார். முடிவில் முழு ஊதியமும் நிலுவையுடன் வந்து சேர்ந்தது.

கம்பியில்லா அலைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற பின்னர், அவர் மனம் செடிகளின்பால் திரும்பியது. நாளொன்றுக்கு இரண்டு சென்டிமீட்டர் வளரும் தளிரும் கண்ணுக்கு அசையாமலே நிற்கும். அவ்வளர்ச்சியைக் காட்ட, இரண்டு மெல்லிய நெம்புகோல்களை அவர் இணைத்தார். தளிரின் அசைவை முதற்கோல் நூறு மடங்காக்கும். இரண்டாவது கோல் அதனை மேலும் நூறு மடங்காக்கும். ஆகவே, பத்தாயிரம் மடங்கு பெருகிய அசைவு, நொடிக்கு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியாகக் கோலின் நுனியில் தோன்றும். நுனிக்கு எதிரே புகைக்கரி படிந்த கண்ணாடித் தகடு இருக்கும். நுனி அதில் உரசிக்கொண்டே சென்றால், தளிரின் மெல்லிய இழுவிசை அவ்வுராய்விலேயே வீணாகிவிடும். எனவே போஸ், கடிகாரப் பொறியால் தகட்டை முன்னும் பின்னும் அசையச் செய்தார். தகடு குறித்த இடைவெளியில் நுனியைத் தொட்டு விலகும். தொடுந்தோறும் ஒரு புள்ளி விழும். புள்ளிகள் அகன்றிருந்தால் வளர்ச்சி விரைவு; நெருங்கியிருந்தால் மெதுவு. கிரெஸ்கோகிராஃப் எனப்படும் இக்கருவியைச் செய்ய உதவியவர்கள் கொல்கத்தாக் கைவினைஞர்களே.

பின்னர், காந்தத்தின் துணையால் ஒரு கோடி மடங்கு வரை பெருக்கிக் காட்டும் கருவியையும் போஸ் உருவாக்கினார். அதில் எழுதும் நுனிக்கு மாறாக ஒளிப்புள்ளியே நகர்ந்தது. அது காட்டுவது உண்மையில் செடியின் வளர்ச்சிதானா என இங்கிலாந்தில் ஐயம் எழுந்தது. போஸ் சொல்லால் வாதிட்டதோடு நிற்கவில்லை. 1920இல் இலண்டனில் அறிஞர் பலர் முன்னிலையில் கருவியை இயக்கிக் காட்டினார். கருவி வளர்ச்சியைச் சரியாகவே பதிகிறது என அவர்கள் நாளிதழ் வாயிலாக அறிவித்தனர். அவ்வாண்டே அரசக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. செடிகளின் உணர்வு குறித்து அவர் கண்ட முடிவுகள் அனைத்தையும் அறிவியல் ஏற்கவில்லை. கருவியின் நுட்பமோ பாராட்டப்பட்டது.

1917இல் கொல்கத்தாவில் தாம் நிறுவிய ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய போஸ், 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் மறைந்தார். அவருடைய கருவிகள் அக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.